திருப்பிக் கேட்காத பணம்

திருநெல்வேலிக்கு வடக்கே, சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டானில் சிப்காட் தொழிற்பூங்கா இருக்கிறது. அங்கே டாடா பவரின் துணை நிறுவனமான டி.பி. சோலார் கட்டிய ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். வெயிலை மின்சாரமாக்கும் சில்லுகளையும், அவற்றைக் கோத்துச் செய்யும் சோலார் பேனல்களையும் ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்குத் தயாரிக்கும் திறன்; முதலீடு ஏறத்தாழ 3,800 கோடி ரூபாய். சோலார் உற்பத்திக்கு மத்திய அரசு கொண்டுவந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் 2023 மார்ச் மாதம் தேர்வான 11 நிறுவனங்களில் இந்த நிறுவனமும் ஒன்று. அந்தச் சுற்றில் 11 பேருக்குமாக ஒதுக்கப்பட்டது 14,007 கோடி. ஆனால் அந்தத் திட்டத்தின் விதிகளைப் படிக்கும்போது எனக்குக் கோடிகளைவிடச் சுவையாகப் பட்டது ஒரு பொடி எண்: மைனஸ் 0.30.

அது வெப்பத்தைப் பற்றிய எண். சோலார் பேனலுக்கு வெயில் வேண்டும், வெக்கை ஆகாது. சில்லின் சூடு ஏற ஏற, வெளிச்சம் அதற்குள் கிளப்பிவிட்ட எலெக்ட்ரான்கள் கம்பி வழியே வெளியேறுவதற்கு முன்பே, தாம் விட்டுவந்த இடங்களில் போய்ச் சேர்ந்துவிடுவது அதிகமாகிறது. மின்னழுத்தம் சரிகிறது. இந்தச் சரிவை ஒரு டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்று அளப்பார்கள். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கு, சில்லு 25 டிகிரியில் இருக்கும்போது ஆய்வகத்தில் எடுத்தது. சித்திரை மாத நெல்லையில் 25 டிகிரிக்கு எங்கே போவது? கூரைமேல் கிடக்கும் சில்லு 60 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிகிரிக்கு 0.40 சதவீதம் இழக்கும் 500 வாட் பேனல் 70 வாட்டைப் பறிகொடுக்கும். டிகிரிக்கு 0.30 மட்டும் இழப்பது 52 வாட் சொச்சத்தோடு தப்பிக்கும்.

2021-இல் வந்த முதல் விதி இந்த இயற்பியலை அப்படியே கணக்கு வழக்குக்குள் கொண்டுவந்தது. தன்மேல் விழும் ஒளியில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும் பேனல் என்றால், டிகிரிக்கு 0.40 சதவீத இழப்பு வரை பொறுத்துக்கொள்வோம், 19.5 சதவீதந்தான் முடியும் என்றால் இழப்பு 0.30-க்கும் கீழே இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தவர்கள் வரவே வேண்டாம். வாசலைத் தாண்டியவர்களுக்கும் ஒரே தொகை கிடையாது. விற்ற வாட்டுகள், திறனையும் வெப்ப இழப்பையும் பொறுத்த விகிதம், உள்நாட்டிலேயே செய்த பங்கு எவ்வளவு என்பது, இவை மூன்றையும் பெருக்கி ஆண்டுதோறும் கணக்கிடுவார்கள். ஐந்தாண்டுகளில் விகிதம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். ஆலை கட்டும்போது ஒரு பைசா வராது. கட்டி, ஓட்டி, விற்று, அளந்து காட்டிய பிறகுதான் வரும். அரசாணைகளில் எவ்வளவோ பார்த்திருக்கிறோம்; எலெக்ட்ரான்களின் நடத்தைக்கு ஏற்பக் காசோலை எழுதும் ஆணை அபூர்வம்.

அப்படியானால் அரசு ஏன் கொடுக்க வேண்டும்? லாபம் வருமென்றால் கம்பெனியே முதல் போடட்டும், வராதென்றால் விட்டுவிடட்டும் என்று தோன்றுவது இயல்பு. இதற்கான விடையை 1962-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ தெளிவாக எழுதிவைத்தார். அதே விடையை நம் பக்கத்து ஊரிலேயே காணலாம். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். ரயில் செலவு அவர்களுடையது, அங்கே தங்கிப் பழகிய காலம் அவர்களுடையது, வித்தை கைக்கு வராமல் போயிருந்தால் நஷ்டமும் அவர்களுடையதுதான். கற்று வந்த வித்தையோ சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் கற்றுக்கொள்பவர் விலை கொடுக்கிறார். பின்னால் வருபவர்கள் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். இதை நன்றாக அறிந்த வியாபாரி முதல் ஆளாகப் போகத் தயங்குவார். எல்லாரும் தயங்கினால் யாரும் கல்கத்தா போகமாட்டார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஊர் சேர்ந்து கொடுக்கும் விலைதான் மானியம். எனவே மானியம் கேட்டு எழுதும் கம்பெனி, ‘எங்களுக்குப் பணம் தேவை’ என்று எத்தனை பக்கம் எழுதினாலும் பயனில்லை. எந்தக் கம்பெனிக்குத்தான் தேவையில்லை? ‘எதை முதன்முதலாகக் கண்டறியப் போகிறோம், அதனால் எங்களைத் தவிர வேறு யாருக்கு என்ன கிடைக்கும்’ என்பதுதான் விண்ணப்பத்தின் உயிர்.

கங்கைகொண்டானில் நடப்பது வேலை முடிந்தபின் கூலி. தொடங்கவே வழியில்லாத சின்னக் கம்பெனிக்கு அது உதவாது. அங்கே அரசு இன்னும் நடக்காத ஒன்றை அளந்தாக வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்கும் இதே தலைவலி இருந்தது. 1974-இல் அங்கே பணியாற்றிய ஸ்டான் சேடின் ஒரு படிக்கட்டு வரைந்தார். முதலில் ஏழு படி, பிறகு ஒன்பதாயிற்று. முதல் படியில் வெறும் கோட்பாடு. மூன்றாம் படியில், கருத்து நடக்கும் என்று மேசைமேல் காட்டிவிட்டார்கள். ஆறில், உண்மையான சூழலுக்கு நெருக்கமான இடத்தில் ஓடும் மாதிரி. ஒன்பதில், பொருள் களத்தில் வேலை செய்து பெயர் வாங்கிவிட்டது. இன்று உலகம் முழுவதும் தொழில்நுட்ப மானியப் படிவங்களில் ‘நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்’ என்ற கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு மானியமும் சில படிகளுக்கு மட்டுமே உரியது. இரண்டாம் படியில் நின்றுகொண்டு ஏழாம் படிக்கான பணத்தைக் கேட்பவரும், ஏழில் நின்றுகொண்டு இரண்டுக்கான பணத்தைக் கேட்பவரும் ஒரே வேகத்தில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். சேரன்மகாதேவிக்கு அருகில் பத்தமடை. அங்கே நெய்யும் சன்னமான கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றது. மடித்தால் துணிபோல் மடியும். கோரையைக் காயவைத்து, தாமிரபரணியின் ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு இழை இழையாகக் கிழிப்பார்கள். பாய் எவ்வளவு சன்னமோ, கிழிப்பும் அவ்வளவு நுணுக்கம். பொறியியல் படித்த இருவர் இந்தக் கிழிக்கும் வேலைக்கு ஒரு சின்ன இயந்திரம் செய்ய நினைக்கிறார்கள். ஒரு கம்பெனியும் பதிந்துவிட்டார்கள். கையில் இருப்பது ஒரு வரைபடமும், வீட்டுத் திண்ணையில் நடத்திய சில சோதனைகளும்.

இவர்கள் எங்கே போகலாம்? தமிழ்நாடு அரசின் ‘ஸ்டார்ட்அப் டிஎன்’ அமைப்பு மதுரை, ஈரோட்டோடு திருநெல்வேலியிலும் வட்டார மையம் வைத்திருக்கிறது. அதன் ‘டான்சீட்’ திட்டம் தொடக்கநிலைக் கம்பெனிகளுக்கு 10 லட்சம் வரையிலும், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறப் பயன், பெண்கள் நடத்தும் நிறுவனம் போன்றவற்றுக்கு 15 லட்சம் வரையிலும் தரும் வகையில் அமைந்தது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘பிரயாஸ்’, மாதிரி இயந்திரம் செய்து பார்க்க 10 லட்சம் வரை தருவது. உயிரித் தொழில்நுட்பமாக இருந்தால் பைராக் நிறுவனத்தின் ‘பிக்’ மானியம்: 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை. 2021-இல் அறிவித்த ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ விதைநிதி, நான்காண்டுகளுக்கென 945 கோடி ரூபாயோடு தொடங்கியது. கருத்தை நிரூபிக்கவும் மாதிரி செய்யவும் 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடன் அல்லது கடன்பத்திரம். திட்டங்களின் பெயரும் தொகையும் காலமும் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அதன் வழிகாட்டு நெறியைப் படித்தே தீர வேண்டும். கேள்விகள் மட்டும் அதிகம் மாறுவதில்லை.

விதைநிதியின் அமைப்பைச் சற்று நின்று பார்க்கலாம். டெல்லியில் உட்கார்ந்து கோரை பற்றி யாரும் முடிவெடுப்பதில்லை. பணம் இன்குபேட்டர்கள் எனப்படும் தொழில் வளர்ப்பகங்களுக்குப் போகிறது. கம்பெனி தனக்குப் பிடித்த மூன்று வளர்ப்பகங்களை வரிசைப்படுத்தி ஒரே விண்ணப்பம் போடுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு நிபுணர் குழு. கம்பெனிக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது பதிந்து இரண்டாண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மத்திய, மாநில அரசுகளின் வேறு திட்டங்களில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கக் கூடாது. விண்ணப்பதாரரிடம் வளர்ப்பகம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்பதும் விதி. ‘மானியம் வாங்கித் தருகிறோம், இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று போன் செய்பவர்களிடம் இந்த வரியைப் படித்துக் காட்டலாம்.

நம் கோரைக் கம்பெனி படிவத்தில் என்ன எழுத வேண்டும்? ‘பாரம்பரியக் கலையைக் காப்போம், பெண்களை உயர்த்துவோம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். குழுவில் இருப்பவர் அதை ஆயிரம் தடவை படித்திருப்பார். அவருக்கு வேண்டியது இன்னதுதான்: ஊறிய கோரையைக் கத்தி இழுக்கும்போது எங்கே பிய்கிறது? ஒரு தண்டில் எத்தனை இழை எடுத்தால் சன்னப் பாய்க்குப் போதும்? கையால் ஒரு மணி நேரத்தில் எத்தனை, இயந்திரத்தில் எத்தனை எதிர்பார்க்கிறீர்கள்? மூன்றாம் மாதம் எந்தச் சோதனை, அதில் எந்த எண் வந்தால் வெற்றி? அந்த எண் வராவிட்டால் அடுத்து என்ன? பணம் ஒரே மூச்சில் வராது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததைக் காட்டியபின் அடுத்த தவணை வரும். ஆகவே கட்டங்களைப் பிரிக்கும் கம்பெனி, தனக்கான தேர்வுத்தாளைத் தானே தயாரிக்கிறது. சுலபமாகத் தயாரித்தால் குழு சிரிக்கும். கடினமாகத் தயாரித்தால் தவணை நிற்கும்.

அடுத்தது செலவுப் பட்டியல். பலர் இதைக் கடைசி நாள் இரவில் எழுதுகிறார்கள். இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலின் கல்வெட்டு ஒன்று, சுமார் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பாண்டியன் வரகுணன் கொடுத்த கொடையைப் பதிவுசெய்கிறது. இளங்கோக்குடிச் சபையார் கையில் 290 காசு. முதலைத் தொடக் கூடாது. காசுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் வீதம் 580 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும். அந்த நெல்லைக் கொண்டு நாளொன்றுக்கு நான்கு வேளைப் படையல். கோயிலுக்குக் கொடுத்தோம், நல்லபடியாக நடத்துங்கள் என்று அரசன் விட்டுவிடவில்லை. அரிசி எவ்வளவு, பயறு எவ்வளவு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை எவ்வளவு, வெற்றிலை பாக்கு எத்தனை என்று அளவு இருக்கிறது. காயம் என்ற தலைப்பின்கீழ் மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி கூட இருக்கின்றன. பொறுப்பான அமைப்பு, மாறாத வட்டி, இனவாரியான செலவு என எல்லாமே கல்லில்! இன்றைய குழுவில் உட்கார்ந்திருக்கும் ஆடிட்டர் இதைக் குறை சொல்லச் சிரமப்படுவார்.

ஒரு இடத்தில் மட்டும் இன்றைய விதி நேர்எதிர். வரகுணனின் கொடையில் முதல் நிற்க வேண்டும், வட்டியைச் செலவழிக்கலாம். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் மானியத்தின் முதலைச் செலவழித்தாக வேண்டும். அது வங்கியில் தூங்கிச் சம்பாதித்த வட்டியை அரசுக்கே திருப்பிக் கட்ட வேண்டும். காரணம் எளிது. கோயில் படையல் என்றென்றும் நடக்க வேண்டிய காரியம். ஆகவே முதல் அழியக் கூடாது. கோரை இயந்திரம் ஒருமுறை கண்டுபிடித்தால் போதும். ஆகவே முதல் கரைந்து அறிவாக வேண்டும். வங்கியில் கிடந்து குட்டி போட்டால், வேலை நடக்கவில்லை என்று பொருள். எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காமல் அடுத்த தவணை நகராது என்பதும் இதன் தொடர்ச்சிதான்.

முதல் நிற்கும் கொடைக்கும் முதல் கரையும் மானியத்துக்கும் நடுவே, நம் மக்களுக்கு நன்கு பழகிய மூன்றாவது வகை உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் ‘பி.எம்.இ.ஜி.பி.’ என்று கேட்டால் போதும், காகிதக் கட்டை எடுத்துவிடுவார்கள். 2008-இல் வந்த மத்திய அரசுத் திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையுள்ள திட்ட மதிப்பில், கிராமமா நகரமா, எந்தப் பிரிவினர் என்பதைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். மீதி வங்கிக் கடனும் சொந்தப் பணமும். இதன் விசித்திரம் வேறிடத்தில் இருக்கிறது. மானியம் வந்துவிடும், ஆனால் கையில் வராது. பேரன் பெயரில் தாத்தா போட்டுவைத்த டெபாசிட் மாதிரி, மூன்றாண்டு வங்கியில் பூட்டிக் கிடக்கும். அந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது; அதே அளவுக் கடனுக்கும் வட்டி கிடையாது. மூன்றாண்டு கழித்து அதிகாரி வந்து, கடை திறந்திருக்கிறதா, மெஷின் ஓடுகிறதா என்று பார்த்தபின் கடனில் கழித்துக்கொள்வார்கள். மானியத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் பழைய வழக்கத்துக்கு இது நல்ல பூட்டு. ஆனால் நடைமுறை மூலதனம் இல்லாமல் முதல் ஆண்டிலேயே மூச்சுத் திணறுபவருக்கு, பூட்டுக்குப் பின்னால் இருக்கும் பணத்தால் என்ன பயன் என்றும் கேட்கத் தோன்றுகிறது. இந்த வகையில் புதுமை கேட்கமாட்டார்கள். கொட்டேஷன், இடத்தின் ஆவணம், புராஜெக்ட் ரிப்போர்ட், கடன் திரும்புமா என்ற கணக்கு, இவ்வளவுதான். கோரை இயந்திரம் ஓடத் தொடங்கி, பத்து இயந்திரம் செய்யப் பட்டறை போடும்போது நம் இருவர் இங்கே வரலாம். அதற்கு முன் வந்தால், ஓடாத இயந்திரத்துக்கு வங்கிக் கடன் தலையில் ஏறும்.

சரி, எல்லாம் ஒழுங்காக எழுதினால் கிடைத்துவிடுமா? இங்கேதான் அறிவியல் சற்றுச் சங்கடமான உண்மையைச் சொல்கிறது. 2018-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்திருந்த 25 ஆராய்ச்சி மானிய விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் கொடுத்த மதிப்பெண்களில் ஏறக்குறைய ஒற்றுமையே இல்லை. மிக மோசமானதைக் கழித்துவிட நிபுணர்களுக்குத் தெரிகிறது. நல்லவற்றுக்குள் எது சிறந்தது என்பதில் ஆளுக்கொரு கட்சி. இதை ஒப்புக்கொண்டு நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் ஒரு வகை மானியத்தில், தகுதி பெற்றவர்களுக்குள் சீட்டுக் குலுக்கியே எடுக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலை ஞாபகத்துக்கு வந்தால் தவறில்லை. எனவே ஒரு குழு நிராகரித்ததை வைத்து இயந்திரம் மோசம் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மூன்று வளர்ப்பகங்களைக் கேட்கும் முறைக்கு இந்த வகையிலும் நியாயம் இருக்கிறது.

அப்படிக் குத்துமதிப்பாகக் கொடுக்கும் பணம் உண்மையிலேயே எதையாவது மாற்றுகிறதா? பொருளியலாளர் சப்ரினா ஹாவெல் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகப் பிடித்தது. அமெரிக்க எரிசக்தித் துறை சின்னக் கம்பெனிகளின் விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தி, ஒரு கோடு கிழித்து, மேலே இருப்பவர்களுக்கு மட்டும் மானியம் தந்துவந்தது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவரும் சற்றுக் கீழே இருந்தவரும் தரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவருக்குப் பணம், மற்றவருக்கு இல்லை. இயற்கையே நடத்திய சோதனை! சுமார் 1,50,000 டாலர் கொண்ட முதல்கட்ட மானியம் கிடைத்த கம்பெனிகள், பின்னால் தனியார் முதலீடு பெறும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது: 10 சதவீதத்திலிருந்து 19. அதைவிடப் பல மடங்கு பெரிய இரண்டாம் கட்டத் தொகையோ பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

அரசு தேர்ந்தெடுத்த கம்பெனி என்ற முத்திரையைப் பார்த்து முதலீட்டாளர்கள் வந்தார்களா? அப்படித் தெரியவில்லை. அந்தச் சிறுதொகையில் கம்பெனிகள் மாதிரி செய்து பார்த்திருந்தன. பொருள் ஓடுகிறதா இல்லையா என்று காட்ட முடிந்தது. அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்று தெரிந்துவிட்டது.

நம் இருவரின் கதையை முடித்துவிடலாம். பத்து லட்சம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதம் கழித்து, ஊறிய கோரையின் அடிப்பகுதியைக் கத்தி சீராகக் கிழிக்கிறது, நுனியை நெருங்கும்போது பிய்த்துவிடுகிறது என்று தெரியவருகிறது. சன்னப் பாய்க்கு ஆகாது. சாதாரணப் பாய்க்கு ஆகும். வாங்கிய பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்திருந்தால் யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. முடிவறிக்கையில் பிய்ந்த இடத்தின் நீளத்தை மில்லிமீட்டரில் எழுதி, ரசீதுகளை வரிசைப்படுத்தி, வங்கியில் மிச்சம் விழுந்த சில நூறு ரூபாய் வட்டியைச் செலுத்திவிட்டு, சாதாரணப் பாய்க்கான இயந்திரத்துக்கு அடுத்த படிவத்தை நிரப்பத் தொடங்கலாம். இம்முறை ‘எந்தப் படியில் நிற்கிறீர்கள்’ என்ற கட்டத்தில் தயங்காமல் ஐந்து என்று எழுதுவார்கள்.